ஏழு கம்பிக் கிற்றாருக்குள் ஒரு பற்றரி

நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம் எங்கள் வாசல் படலை திறக்கும் சத்தம் கேட்டால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நிற்பேன். பல வருடங்களாக அப்படித்தான். வருபவள் ஒரு பெண். கையில் வெள்ளைத் துணியால் மூடிய தட்டு, தட்டில் கிறிஸ்மஸ் கேக். தன் கணவனை நான் உயிரோடு மீட்டுத் தந்தேன் என்று நம்பி, அந்த நன்றியை மறக்காமல் வருடந்தோறும் கொண்டுவருவாள். "என்னத்துக்குப் புள்ள இதெல்லாம்" என்று சொல்லி வாங்குவேன். அவள் போனதும் தட்டை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் நிற்பேன்.

அவள் கணவனை நான் மீட்கவில்லை. மாட்டிவிட்டவனே நான்தான். அதைச் சொல்வதற்கு முதலில் ஒரு கிற்றாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் விஞ்ஞானம் படிப்பித்தவன். பள்ளி விட்டால் இசைக்குழு. கலியாண வீடு, கோயில் சடங்கு, பாடசாலை விழா என்று வாவியின் இரண்டு பக்கமும் போய் வாசித்தோம். நான் கிற்றார். டிரம்ஸ் அடித்தவர் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர், தச்சு வேலை செய்பவர். வயலினும் கொட்டும் இல்லாமல் கலியாணச் சோறு இறங்காத வீட்டில் பிறந்தவர். என்னைவிடச் சில வயது இளையவர். அவருடைய பிள்ளைகள் என்னிடம் படித்ததால் என்னைச் 'சேர்' என்பார். அந்தச் சொல்லில் மரியாதை பாதி, பகிடி பாதி. பேஸ் கிற்றார் வாசித்தவன் என் பள்ளித் தோழன். அவன் சண்டைக்குப் பயந்து சுவிசுக்குப் போய்விட்டான். போனபிறகு எங்கள் பாட்டுகளுக்கு அடி இல்லாமல் போயிற்று. தூண் இல்லாத பந்தல் மாதிரி.

சமாதானம் என்று சொல்லப்பட்ட சில வருடங்கள் இடையில் வந்தன அல்லவா, அப்போது அவன் ஊருக்கு வந்தான். தோளில் ஒரு கறுப்பு எலெக்ட்ரிக் கிற்றார். வழக்கமான ஆறு கம்பிகளுக்கு மேலே தடித்த ஏழாவது கம்பி ஒன்று.

"நான் போன ஓட்டைய இந்தக் கம்பி அடைக்கும் மச்சான்," என்றான்.

அடைத்தது, ஆனால் அரைகுறையாக. கிற்றார் மலிவானது. மரம் நல்லது, பிக்கப் மோசம். கம்பிகளுக்குக் கீழே இரண்டு இடங்களில் பதித்திருக்கும் விரல் நீளப் பெட்டிதான் பிக்கப். உள்ளே காந்தமும், அதைச் சுற்றித் தலைமயிரைவிட மெல்லிய செப்புக் கம்பியும் இருக்கும். மேலே கம்பி அதிர, அந்த அதிர்வை மின்னாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். என்னுடைய பிக்கப் ஏழாவது கம்பியின் சத்தத்தை, வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுபவனைப் போல அனுப்பியது. அதோடு ஓர் இரைச்சல். ஜெனரேட்டரும் ட்யூப் லைட்டும் இருக்கும் இடமெல்லாம் அந்த இரைச்சல் கூடவே வந்தது. ஒரு சடங்கில், பாட்டுக்கு முன்னால் சபை அமைதியானபோது அது தனியே கேட்டது. முன் வரிசைக்குப் பின்னாலிருந்து என் மாணவன் ஒருவன் கத்தினான்:

"சேர், குளவிக்கூட்டக் கலைச்சிட்டீங்களா?"

சனம் சிரித்தது. டிரம்ஸ்காரர் குச்சியைக் காற்றில் வீசிக் குளவி விரட்டுவதுபோல் நடித்தார். இன்னும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் மறுநாள் வகுப்பில் ஒரு பையன் மூக்கால் மெல்ல 'ஙொய்' என்று இழுத்தபோது, எனக்கு வந்த கோபம் நியாயமான கோபம் அல்ல. அந்தக் கிற்றாருக்கு வேறு பிக்கப் போட்டே தீருவது என்று அன்று முடிவெடுத்தேன். எல்லாம் தொடங்கியது இவ்வளவு சின்ன விஷயத்தில்.

கொழும்பில் ஆறு கம்பிப் பிக்கப் கிடைத்தது. வாங்கிப் பொருத்திப் பார்த்தேன். ஏழாவது கம்பி அதன் விளிம்புக்கு வெளியே நின்றது. ஆறும் பாடின, ஏழாவது முணுமுணுத்தது. பழைய பிக்கப்பைக் கழற்றி மெழுகில் தோய்த்தால் கீச்சிடுவது குறையும் என்று வாசித்திருந்தேன். தோய்த்தேன். கீச்சு குறைந்தது, இரைச்சல் அப்படியே இருந்தது. ஏழு கம்பிக்கென்றே செய்த பிக்கப் வேண்டும், அது இங்கே கிடையாது. சுவிஸ் நண்பனுக்குச் சொல்லி அனுப்பினேன்.

அதற்குள் சமாதானம் பெயருக்கு மட்டும் மிஞ்சியிருந்தது. பகலில் ஆட்கள் சுடப்பட்டார்கள். ஆட்களைத் தூக்க இலக்கத்தகடு இல்லாத வான் ஓடியது. காலையில் வீதியில் கிடப்பவரைப் பார்க்கப் போகவும் பயம், போகாமல் இருந்தால் ஏன் போகவில்லை என்று கேட்பார்களோ என்றும் பயம். அந்த மாதங்களில்தான் நான் கண்ணாடிப் பெட்டி போன்ற தொலைபேசிக் கடையில் நின்று பிக்கப் தெரிவுசெய்துகொண்டிருந்தேன்.

"மச்சான், கடைக்காரன் ரெண்டு வகை காட்டுறான்," என்றான் நண்பன். "ஒண்டுக்கு நல்ல பலமான காந்தம், பெரிய கம்பிச்சுருள்..."

"மெல்லக் கதை."

"லைன் சரியில்லையா? காந்தம்டா, காந்தம்! மத்ததுக்குக் காந்தம் மெல்லிசு. உள்ளுக்கே சத்தத்தக் கூட்ட ஒரு சேர்க்கிற் இருக்கு. ஆனா பற்றரி வைக்கணும். பற்றரி! கேக்குதா?"

"ஊருக்கே கேக்குது. போனை வை."

கண்ணாடிக்கு வெளியே வரிசையில் நின்றவர் பத்திரிகையை மடித்தார். நான் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். யாரும் பின்னால் வரவில்லை என்று தெரியும்வரை வீட்டுத் திசைக்கு எதிராக நடந்தேன். பயம் ஒரு பக்கத்தால் மட்டும் வரவில்லை. காந்தம், கம்பி, பற்றரி என்று கதைப்பவனைச் சந்தேகிக்க ஒரு கூட்டம் இருந்தது. ஈயம் பற்றவைக்கத் தெரிந்தவனைத் தங்களுக்கு வேலை செய்யக் கூட்டிப்போக இன்னொரு கூட்டம் இருந்தது.

ஆனாலும் வீட்டுக்கு வந்து கதிரையில் சாய்ந்ததும் என் மனம் இரண்டு பிக்கப்புகளையும் எடைபோடத் தொடங்கிவிட்டது. பற்றரி இல்லாததில் சத்தம் பெரிது. இரைச்சல் குறையும், முற்றாகப் போகாது. பலமான காந்தம் தடித்த கம்பியைத் தன்பக்கம் இழுப்பதால் சுருதியும் ஒரு மயிரிழை தள்ளாடும். பற்றரி வைத்ததில் இரைச்சலே இராது. ஏழாவது கம்பி மணி மாதிரிக் கேட்கும். தீப்பெட்டியளவு பற்றரி ஒன்று, கிற்றாரின் முதுகில் உள்ள குழிக்குள் வைத்து மூடினால் மாதக்கணக்கில் போதும்.

டிரம்ஸ்காரரிடம் கேட்டேன். வாசலில் ஒரு யன்னல் சட்டத்துக்குச் சீவுளி போட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவேயில்லை.

"பற்றரி இல்லாததை எடுங்க சேர்."

"இரைச்சல் இருக்குமே."

"இருக்கட்டுமே. சனம் உங்களப் பாக்க வரல்ல, பொங்கல் திங்க வருது. இந்த ஊரில பற்றரி வச்ச சாமான் மனிசரத் தின்னும். வேணாம்."

அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கமான எழுவான்கரையில் இருந்து வாவியைக் கடந்து, இயக்கத்தின் கையில் இருந்த படுவான்கரைக்குப் பற்றரி கொண்டுபோக ஆமியின் தடை. டோர்ச் பற்றரிகூட விடமாட்டார்கள். எங்களுக்குப் பாதி நிகழ்ச்சிகள் படுவான்கரையில்தான்.

அடுத்த தரம் தொலைபேசியில் நான் நண்பனிடம் சொன்னது: "ரெண்டாவது வகையில ஒரு சோடி அனுப்பு." டிரம்ஸ்காரரிடம் சொன்னது: "நீங்க சொன்ன மாதிரி, பற்றரி இல்லாததைத்தான் எடுத்தன்."

ஏன் பொய் சொன்னேன்? தச்சு வேலை செய்பவர் சொல்லி ஒரு விஞ்ஞான ஆசிரியன் பிக்கப் தெரிவுசெய்வதா என்ற எண்ணம் கொஞ்சம். அவரோடு வாதிட்டால் தோற்றுவிடுவேன் என்பது கொஞ்சம். இந்த இரண்டையும்விடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. அதை விளங்கப்படுத்த எங்கள் குழுவின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சோதனைச்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால், வாவிக்கரை மருதமரத்தடியில் எங்கள் வானை நிறுத்துவோம். அங்கே சாமான்களைக் கைமாற்றுவோம். ஆமிக்காரர் எதைச் சந்தேகிப்பார்களோ அதை, யாரைக் குறைவாகச் சந்தேகிப்பார்களோ அவர் தூக்குவார். எங்கள் குழுவில் அது டிரம்ஸ்காரர்தான். அடையாள அட்டையில் பறங்கிப் பெயர், கழுத்தில் சிலுவை, வாயில் நல்ல சிங்களம், எந்த முகத்தையும் சிரிக்கவைக்கும் நாக்கு. நீளப் பெட்டிகள், வயர்ச் சுருள்கள் எல்லாம் அவரிடம் போகும். தூக்குகிறவர் அதைத் தன்னுடையது என்றே சொல்ல வேண்டும். என்னுடையதல்ல என்று யாராவது சொன்னால் எல்லாரும் மாட்டுவோம். பல வருடங்களாக அந்த வழக்கம் எங்களைக் காப்பாற்றியது. ஆகவே கிற்றாருக்குள் என்ன இருந்தாலும் அதைத் தூக்கப்போவது நானல்ல. அது எனக்குத் தெரியும். அவருக்குப் பற்றரி இருப்பது தெரிந்தால் தூக்கமாட்டார். அதுவும் எனக்குத் தெரியும்.

பிக்கப்புகள் நண்பனின் சின்னம்மா ஒருத்தியின் பயணப் பெட்டியில், சொக்லட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் வந்தன. "தம்பி, இதென்ன, வெடிக்கிற சாமான் ஒண்டும் இல்லையே? கட்டுநாயக்கா எயாப்போட்டில எனக்குச் சீவன் போயிட்டு," என்று சொல்லித் தந்தார். கறுப்பாக, மூடியபடி, கண்ணில்லாத இரண்டு கட்டிகள். கூடவே பற்றரி இணைக்கும் சிறு வால்.

ஒரு சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் பழைய பிக்கப்புகளைக் கழற்றிவிட்டு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். ரோசின் பிசின் புகை மணத்தது. பின் வளவால் மனைவி ஓடிவந்தாள்.

"ஆமிக்காரனுகள் சுத்தி வளைச்சிட்டானுகள். மூணாவது வீட்டில நிக்கானுகள்."

மேசையில் புதுப் பிக்கப்புகள், செப்புக் கம்பி, வயர்த் துண்டுகள், ஈயம், பற்றரி. மூளை விறைத்து நான் நின்றபடியே நின்றேன். அவள்தான் சீலைத் தலைப்பால் எல்லாவற்றையும் வழித்து அரிசிப் பெட்டிக்குள் கொட்டி, மேலே அரிசியை இழுத்து மூடினாள். சூடாக இருந்த பற்றவைக்கும் கோலைக் கிணற்று வாளிக்குள் போட்டாள். அது 'சீ' என்று சத்தமிட்டது. அந்தச் சத்தம் வீதிவரை கேட்டது போலிருந்தது.

வந்தவர்களில் ஒருவன் கிற்றாரைப் பார்த்தான். பிக்கப் இருந்த இடத்தில் இரண்டு வெறுங்குழிகள்.

"கண் எங்கே?" என்று கொச்சைத் தமிழில் கேட்டான்.

"பழுது."

குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தான். அரிசிப் பெட்டியின் மேல் துவக்கைச் சாத்திவைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டுக் குடித்தான். போய்விட்டான். வாசலில் சப்பாத்துச் சத்தம் ஓயும்வரை நாங்கள் இருவரும் அசையவில்லை.

"உங்கட சத்தத்துக்காக எங்களக் கொல்லப்போறீங்க," என்றாள் மனைவி. அன்று மத்தியானம் நான் அரிசியைச் சுளகில் பரப்பி ஒவ்வொரு சாமானாகப் பொறுக்கினேன். முதுகுத் தட்டைப் பூட்டும் கறுப்புத் திருகாணி ஒன்று மட்டும் அகப்படவில்லை. பழைய மணிக்கூட்டில் இருந்து ஒரு பித்தளைத் திருகாணி எடுத்துப் போட்டேன். மஞ்சளாக மின்னியது. பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

பூட்டி முடித்து வாசித்தேன். இரைச்சல் இல்லை. கம்பியைத் தொடுவதற்கு முன்பிருந்த அந்த அமைதியை இப்போதும் நினைவு வைத்திருக்கிறேன். ஏழாவது கம்பியைத் தட்டியதும் மேசையில் இருந்த கோப்பை அதிர்ந்தது. காலையில் செத்துப் பிழைத்ததை மறந்து சிரித்தேன். அப்படிப்பட்ட மனிதன்தான் நான் அப்போது.

பற்றரியை உள்ளே வைத்தே பூட்டினேன். தனியே கொண்டுபோனால் பறித்துவிடுவார்கள். உள்ளே இருந்தால் யாருக்கும் தெரியாது.

படுவான்கரையில், வவுணதீவுக்கு அப்பால் ஒரு கோயில் சடங்குக்கு எங்களை அழைத்திருந்தார்கள். பின்னேரம் புறப்பட்டோம். மருதமரத்தடியில் வழக்கம்போல வான் நின்றது. நான் கிற்றார்ப் பெட்டியை டிரம்ஸ்காரரிடம் நீட்டினேன்.

"புதுக் கண்ணோட வாறாவோ?" என்று பெட்டியைத் தட்டினார். "இண்டைக்குக் குளவி இல்லாட்டிச் சனம் என்னத்தக் கேட்டுச் சிரிக்கிற?"

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்க்குள் வந்தது. வான் சாரதி ஹோர்ன் அடித்தான். அவர் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

சாவடியில் எல்லாரும் இறங்கி வரிசையாக நின்றோம். அவர் எனக்கு முன்னால், ஓர் ஆள் இடைவெளியில். மேசையில் பெட்டியைத் திறந்தார்கள். இளம் ஆமிக்காரன் ஒருவன், உள்ளே பற்றரி ஏதும் இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டான். அவர் சிங்களத்திலேயே, இது கரண்டில் பாடுகிற சாமான், பற்றரி போட்டால் தாலாட்டு மட்டும்தான் பாடும் என்றார். அவன் சிரித்துவிட்டான். பெட்டி மூடியில் கை வைத்தான். மூடப் போனான்.

பிறகு என்ன நினைத்தானோ, கிற்றாரைப் புரட்டினான். கறுப்புத் தட்டில் கறுப்புத் திருகாணிகளுக்கு நடுவே ஒரே ஒரு பித்தளைத் திருகாணி. பெருவிரலால் அதைத் தடவினான். இன்னொருவனைக் கூப்பிட்டான். திருப்புளி வந்தது.

தட்டைக் கழற்றியபோது பற்றரி வயரில் தொங்கிக்கொண்டு வெளியே விழுந்தது.

யாரும் கத்தவில்லை. எல்லாத் துவக்குகளும் ஒரு சாண் உயர்ந்தன, அவ்வளவுதான். வாவியில் யாரோ வலை வீசும் சத்தம் கேட்டது. டிரம்ஸ்காரர் பற்றரியைப் பார்த்தார். அவருடைய முகத்தில் முதலில் வந்தது பயமல்ல, வியப்பு. பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். பாட்டை எந்த இடத்தில் நிறுத்துவது என்று மேடையில் கேட்பாரே, அதே பார்வை.

அதிகாரி வந்தான். யாருடையது என்று கேட்டான்.

"என்னுடையது," என்றார் அவர். வழக்கம் அதுதானே.

அதிகாரி அடையாள அட்டைகளைப் புரட்டி என்னிடம் வந்தான். நான் ஆசிரியர் என்று கண்டதும் ஆங்கிலத்துக்கு மாறினான். மரியாதையாகத்தான் கேட்டான். நீங்கள் படித்தவர், உண்மை சொல்லுங்கள், இந்தக் கிற்றார் இவருடையதா?

"ஆம், அவருடையது," என்றேன்.

என் ஆங்கிலத்தில் பிழை இருக்கவில்லை. குரல் நடுங்கவில்லை. வழக்கத்தைத்தான் காப்பாற்றினேன், மறுத்துச் சொன்னால் ஐந்து பேரும் போவோம் என்று அந்த நிமிடத்திலேயே எனக்கு நானே ஒரு நியாயம் செய்துகொண்டேன். அது பொய். பற்றரி வைத்தது நான், அவருக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் நான் ஒருவன் போயிருப்பேன். அதற்குத்தான் பயந்தேன்.

அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். வான் குழியில் விழும்போதெல்லாம் அவருடைய டிரம்ஸ் தானாக முனகியது.

வீட்டில் மனைவியிடம் முழுவதையும் சொன்னேன்.

"போய்ச் சொல்லுங்க," என்றாள்.

"சொன்னா என்னைப் பிடிப்பானுகள்."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பற்றவைக்கும் கோலையும் மிச்ச ஈயத்தையும் தேசிமரத்தடியில் புதைத்தேன். நாய் குரைத்தால் எழுந்து நின்றேன். அவர் அங்கே வாய் திறந்தால் இலக்கத்தகடு இல்லாத வான் என் வாசலுக்கு வரும். வரவில்லை. வராத ஒவ்வொரு நாளும் அவர் வாய் திறக்கவில்லை என்று அர்த்தம். அதை நினைத்து நிம்மதியடைந்தேன். இதைவிட வெட்கமான ஒன்றை நான் எழுதியதில்லை.

அவருடைய மனைவி வந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

"சேர், அவர்ட்டப் பற்றரி எப்பிடி வந்த? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியா புள்ள."

"நீங்க வந்து ஒருக்காக் கதைங்க. படிச்ச ஆள், இங்கிலீசு தெரியும். நீங்க சொன்னா விடுவானுகள்."

நாளைக்குப் பார்ப்போம் என்றேன். அடுத்த நாளும் அப்படியே சொன்னேன். கடைசியில் அவள் பாதிரியாரையும் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். பாதிரியார் முன்னால் எனக்கு வேறு சாட்டு வரவில்லை. போனேன்.

முகாமில் ஒரு மேசையில் என் கிற்றார் வயிறு கிழிந்து கிடந்தது. அந்த அதிகாரிக்குக் கொஞ்சம் மின்னியல் தெரிந்திருந்தது. இதில் பற்றரிக்கு என்ன வேலை என்று கேட்டான். நான் கடதாசியில் படம் கீறி விளக்கினேன். காந்தம் மெலிது, சுற்றுக் குறைவு, ஆகவே பிறக்கும் மின் சிறிது, அதைப் பெருக்கத்தான் இந்தப் பற்றரி, வேறெதற்கும் உதவாது. வகுப்பில்கூட நான் இவ்வளவு நன்றாகப் படிப்பித்ததில்லை. அவன் தலையாட்டிக் கேட்டான். பிறகு பென்சிலை மேசையில் வைத்தான்.

"இந்தக் கிற்றாரைப் பற்றி இவ்வளவு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பக்கத்தில் பாதிரியார். கதவுக்கு வெளியே மரவாங்கில் அவருடைய மனைவி. உண்மையைச் சொல்ல இரண்டாவது தடவையாக ஓர் இடம் கிடைத்தது.

"நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன்," என்றேன்.

அவர்கள் பற்றரியை வைத்துக்கொண்டு, கிற்றாரையும் மனிதரையும் தந்தார்கள். அவர் இடது காதைக் கையால் பொத்தியபடி நடந்து வந்தார். சட்டை அவருடையதல்ல. மனைவி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். அவரை விட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினாள். கையை உதற வேண்டும் போலிருந்தது. உதறவில்லை.

வீதியில் அவளும் பாதிரியாரும் முச்சக்கர வண்டி தேடி முன்னால் போனார்கள். நாங்கள் இருவரும் பின்தங்கினோம்.

"பற்றரி இல்லாததத்தான் எடுத்த எண்டீங்க சேர்."

"ஓம்."

"இருக்கெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அதுக்கேத்த பொய்யொண்டு செஞ்சிருப்பன். எத்தினை பொய் செஞ்சிருக்கன் உங்கட சாமானுக்கு."

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு. "வீட்டில சொல்லுவீங்களா?" என்று கேட்டேன்.

அவர் நின்று, நல்ல காது என் பக்கம் வரும்படி திரும்பி, திரும்பவும் கேட்கச் சொன்னார். திரும்பவும் கேட்டேன். அந்தக் கேள்வியை இரண்டு முறை கேட்டவன் நான்.

"நீங்க சொல்லுங்க சேர்," என்றார். "எப்ப ஏலுமோ அப்ப."

அவர் சொல்லவேயில்லை. இடது காது திரும்பி வரவில்லை. அதற்குள் எந்நேரமும் ஓர் இரைச்சல் இருக்கிறது என்றார். நான் அந்தப் பிக்கப்புகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழையதையே போட்டேன். சண்டை ஓய்ந்தபின் ஒரு கலியாண வீட்டில் கிற்றார் பழையபடி இரைந்தபோது, டிரம்ஸுக்குப் பின்னால் இருந்து குனிந்து, "இப்ப குளவி ரெண்டு பேர்ட்டயும் இருக்கு சேர்," என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் என்னைப் புண்படுத்தச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பகிடியில்லாமல் அவருக்கு இருக்க ஏலாது.

கேக் வருடந்தோறும் வந்தது. ஒவ்வொரு நத்தாருக்கும் அவர் சொல்லியிருப்பாரோ என்று பயந்தேன். அவள் சிரித்த முகத்தோடு தட்டை நீட்டும்போது, சொல்லவில்லை என்று தெரிந்து வேறு விதமாகப் பயந்தேன். சொல்ல வேண்டியவன் நான் என்பது அப்படியே இருந்தது.

போன மாரியில் அவர் இறந்துவிட்டார். செத்தவீட்டில் வெளிநாட்டில் இருந்து வந்த மகனை அவள் என்னிடம் கூட்டி வந்தாள். "அப்பாவ ஆமிக்காரன்ட்ட இருந்து கொண்டுவந்த சேர்," என்றாள். அவன் என் காலைத் தொட்டான். என்னிடம் படித்த பிள்ளை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கிழமை அவளிடம் போனேன். புறப்படும்போது, தானும் வரட்டுமா என்று என் மனைவி கேட்டாள். வேண்டாம் என்றேன். அவருடைய சீவுளி இன்னும் யன்னலில் இருந்தது. கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னாள். இருக்காமலே சொன்னேன். பற்றரி வைத்ததைத் தெரிவுசெய்தது, அவரிடம் மறைத்தது, சாவடியில் சொன்னது, முகாமில் சொல்லாதது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

முடிந்ததும், "அந்தப் பற்றரி எவ்வளவு பெரிசு?" என்று கேட்டாள்.

விரலால் காட்டினேன். என் விரல்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவர் இருக்கக்குள்ள ஏன் சொல்லல்ல?"

"பயம்."

"என்னட்டயா?"

"ஓம்."

முன்றலில் கோழி ஒன்று மரச்சீவலைக் கிளறிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து அதை விரட்டிவிட்டு வந்தாள்.

"அந்தக் கேக்கெல்லாம் திண்டீங்களா சேர்?"

"இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு நான் வந்துவிட்டேன்.

இந்த நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம் படலை திறக்கவில்லை. மனைவி இரண்டு தரம் எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் வரல்லையே," என்றாள்.

"வராது," என்றேன்.